சாவி இன்னும் ரீட்டாவிடம்

கார்டிங்டன் ரயில்வே கேட் செவ்வாய், வெள்ளிப் பிற்பகல்களில் மூடியிருந்தால் யாரும் ஹாரன் அடிப்பதில்லை. அடித்தால் ரீட்டா புஜேயா திரும்பிப் பார்ப்பார்.

புதிதாகக் குடிவந்த ஒருவருக்கு இது தெரியவில்லை. வெள்ளைக் காரில் உட்கார்ந்து விடாமல் அடித்தார். கேட்டுக்கு அந்தப் பக்கம் கோதுமை ஏற்றிய கூட்ஸ் வண்டி குறுக்கே நின்றது. ஆரஞ்சுச் சட்டை போட்ட குட்டையான, அகலமான பெண்மணி ஒருவர் கற்களின் மேல் நடந்து வந்து கார்க் கண்ணாடியைத் தட்டினார்.

"ஏன் கண்ணு, உன் வண்டியில எத்தனை டன் ஏத்தலாம்?"

"என்ன?"

"கோதுமை. எத்தனை டன்?"

"இது காரும்மா."

"அதான் நானும் பாத்தேன். நாளைக்குக் காலையில டோஸ்ட் வேணும்னா அஞ்சு நிமிஷம் பேசாம இரு."

பின்னால் நின்ற வண்டிகளில் ஒரே சிரிப்பு. அந்த மனிதர் இப்போது இந்த வட்டாரத்து ஆளாகிவிட்டார். கேட் மூடினால் எஞ்சினை அணைத்துவிட்டுக் கிரிக்கெட் கேட்கிறார்.

மெல்பர்னின் மேற்கில் எங்கள் வழித்தடம் மனிதர்களை ஏற்றிச் செல்வதற்கானது. காலையில் எல்லோரையும் நகரத்துக்குள் கொண்டுபோய்க் கொட்டும், மாலையில் அள்ளிக்கொண்டு வரும். இந்த இரண்டு நெரிசலுக்கும் நடுவே மின்சார ரயில்கள் பாதி காலியாக ஓடும் நேரத்தில், வாரம் இருமுறை, ஒரு டீசல் எஞ்சின் பதினான்கு வேகன்களோடு மேற்குச் சரக்கு யார்டிலிருந்து புறப்பட்டு வந்து கார்டிங்டன் மாவு மில்லுக்குப் பிரியும் கிளைத் தடமான சைடிங்குக்குள் நுழைந்துகொள்ளும். அவசரத்துக்குப் பக்கத்து வீட்டு ஏணியை வாங்குவதைப் போலத்தான் இந்த ஏற்பாடு. வீட்டுக்காரர் தேடும் முன் ஏணி திரும்பப் போய்விட வேண்டும்.

அதைத் திருப்பிக் கொடுக்கும் பொறுப்பு ரீட்டாவுடையது. எஞ்சினை ஓட்டுபவர் நெவில் க்ராடக். எங்கும் அவசரப்படாத மனிதர் என்பதால் யார்டில் அவருக்கு ராக்கெட் என்று பெயர். மற்ற எல்லாம், அதாவது இறங்குவது, கழற்றுவது, கோர்ப்பது, தண்டவாளம் பிரியும் இடமான பாயிண்டை மாற்றுவது, கத்துவது, எல்லாம் ரீட்டா.

மில்லின் சைடிங் முழு வண்டியையும் தாங்காது. உள்ளே இரண்டு தடங்கள், ஒவ்வொன்றிலும் ஏழு வேகன்தான் நிற்கும். ஆகவே வண்டி மெயின் லைனிலேயே நிற்க, ரீட்டா இறங்கி, தண்டவாளத்தின் ஓரத்துச் சாம்பல் நிறப் பெட்டியிலிருந்து சாவியை எடுப்பார். கட்டுப்பாட்டு அறை விடுவித்தால்தான் அந்தச் சாவி வெளியே வரும். அது வெளியே இருக்கும்வரை எங்கள் வழித்தடத்தில் அந்த இடத்தைத் தாண்டி எந்த ரயிலுக்கும் பச்சை விளக்கு விழாது. சாவியால் பாயிண்டைத் திறந்து, பின் பாதியை முதல் தடத்துக்குள் தள்ளி, கழற்றி, கைப் பிரேக்குகளை இறுக்கி, எஞ்சினை வெளியே இழுத்து, முன் பாதியை இரண்டாம் தடத்துக்குள் தள்ளி, எஞ்சினையும் சேர்த்து உள்ளே மறைத்து, பாயிண்டை மூடி, சாவியைப் பெட்டிக்குள் போட வேண்டும். அடுத்த மின்சார ரயில் வருவதற்குள்.

பிளாட்பாரத்திலிருந்து பார்ப்பவர்களுக்கு அது நல்ல வேடிக்கை. ரீட்டா கையை உயர்த்துவார், எஞ்சின் அசையும். கையை விரிப்பார், நிற்கும். வேகன்கள் முட்டும் சத்தம் ஒன்றன்பின் ஒன்றாக ஓடி மில்லின் சுவரில் போய் அடங்கும். பள்ளிவிட்டு வரும் பிள்ளைகள் கையசைத்தால் அவர் பதிலுக்கு அசைக்க மாட்டார். அசைத்தால் ராக்கெட் வண்டியை நகர்த்திவிடுவார்.

பார்ப்பவர்களுக்குத் தெரியாத ஒன்று உண்டு. சைடிங் மெயின் லைனை நோக்கிச் சற்றே சரிந்திருக்கிறது. நடந்தால் தெரியாது, வேகனுக்குத் தெரியும். கழற்றிவிட்ட வேகன்களைக் காற்றுப் பிரேக் கொஞ்ச நேரம் பிடித்து வைக்கும். காற்று கசிந்த பிறகு நான்கு வேகன்களில் ரீட்டா சுற்றி இறுக்கிய கைப் பிரேக்கைத் தவிரப் பிடிமானம் கிடையாது. அந்த நான்கும் மில்லின் தானியக் கோபுரங்களுக்குப் பின்னால் வளைந்து மறைந்திருக்கின்றன. சாவிப் பெட்டியிலிருந்து பார்த்தால் முதல் வேகன் மட்டும்தான் கண்ணில் படும்.

ஆகவே ரீட்டாவுக்கு ஒரு வழக்கம் இருந்தது. கைப் பிரேக்கின் நான்கு சுழல் சக்கரங்களையும் இறுக்கிவிட்டுத் திரும்பும்போது ஒவ்வொன்றின் மேலும் ஒருமுறை கையை வைத்து அழுத்திப் பார்ப்பார். பிறகுதான் மற்ற வேலை. எல்லாம் முடிந்து சாவியைப் போடும்போது ரேடியோவில் ஒரே வாக்கியம்: "முழுசா உள்ள. கை வச்சாச்சு." விதிப்புத்தகத்தில் அப்படி ஒரு வாசகம் இல்லை. கட்டுப்பாட்டு அறையில் எங்கள் வழித்தடத்தைப் பார்த்துக்கொள்ளும் ஜோலீன் ஹார்ட்னெட் அதைக் கேட்காமல் சாவியை ஏற்பதில்லை. ஒருநாள் ரீட்டாவுக்குக் காய்ச்சல் என்று வேறொருவர் வந்து, "சாவி உள்ள போட்டாச்சு" என்றார். "கை வச்சியா?" என்றார் ஜோலீன். "எதுல?" என்று கேட்டதற்கு அவரைத் திரும்ப நடக்கவிட்டார்.

ரீட்டா ரயிலில் பிறந்து வளர்ந்தவர் இல்லை. பெற்றோர் மால்டாத் தீவிலிருந்து கப்பலில் வந்தவர்கள், அப்பா கோழி வளர்த்தவர். ரீட்டா முதலில் டிராம் கண்டக்டர். தோல் பையை இடுப்பில் கட்டிக்கொண்டு, கூட்டத்துக்குள் நீந்தி, தூங்குபவர்களை நிறுத்தத்தில் எழுப்பிவிட்டு, குடித்தவர்களைக் காலரைப் பிடித்து இறக்கிவிட்டு வந்த வேலை. அந்தத் தொண்டை அங்கே கிடைத்ததுதான். பிறகு டிராம்களில் டிக்கெட் இயந்திரம் வந்தது, கண்டக்டர்களை வீட்டுக்கு அனுப்பினார்கள். "அந்த மெஷின் தூங்குறவனை எழுப்புமா?" என்று விடைபெறும் கூட்டத்தில் கேட்டாராம். 

யார்டுக்கு வந்தபோது அங்கே பெண்கள் இருவர், இருவரும் அலுவலகத்தில். முதல் வாரம் அவருடைய கையுறைக்குள் யாரோ நீலநாக்குப் பல்லியை வைத்துவிட்டார்கள். உயிரோடு, முழங்கை நீளத்தில். ரீட்டா அதை வெளியே எடுத்து, வயிற்றைத் தடவிக் கொடுத்து, ஓய்வறைக்குள் கொண்டுபோய் மேஸ்திரியின் தொப்பியில் வைத்தார். "உங்க தம்பி தேடிட்டு வந்திருக்காரு" என்றார். அதோடு அவரைச் சோதிப்பது முடிந்தது. பெயர் மட்டும் சூட்டினார்கள்: சைலன்ஸர். எஞ்சின் ஓடும்போதும் அவர் குரல் கேட்கும் என்பதால்.

வெள்ளிக்கிழமைகளில் ரீட்டா பஸ்தீட்ஸி வாங்கி வருவார். உள்ளே பாலாடைக்கட்டி வைத்து, அடுக்கடுக்காகப் பொரிந்து, தொட்டால் உதிரும் பலகாரம். வண்டி சைடிங்குக்குள் பூட்டப்பட்ட பிறகு மாலை நெரிசல் ஓயும்வரை அது வெளியே வர முடியாது. மில்காரர்கள் கோதுமையை இறக்குவார்கள். ரீட்டாவும் ராக்கெட்டும் மில்லின் தகரக் கொட்டகையில் உட்கார்ந்து, ஊரே வீட்டுக்குப் போவதைப் பார்த்துக்கொண்டு சாப்பிடுவார்கள்.

அந்தக் கொட்டகைக்குத்தான் ஸ்டாவ்ரோஸ் கலீதிஸ் வந்தார். வழித்தடத்தின் கால அட்டவணையைப் போடுபவர். மெலிந்தவர், சட்டை எப்போதும் இஸ்திரி போட்டது. மாலை நெரிசலுக்கு இன்னும் அதிக ரயில்கள் வேண்டும் என்று மேலிடம் சொல்லிவிட்டது, ஆகவே கூட்ஸுக்கு இருந்த இடைவெளி சுருங்குகிறது என்றார்.

"அடுத்த மூணு மாசம் சோதனை ஓட்டம். உங்களால மின்சார ரயில் லேட்டாகக் கூடாது. ஒரு தடவைன்னா பொறுத்துக்கலாம். ரெண்டாவது தடவைன்னா உங்க அனுமதி திரும்ப என் மேஜைக்கு வரும். வந்தா, மேல இருக்கிறவங்க எடுத்துடத்தான் சொல்வாங்க."

"வேகன் ரிப்பேரானா?" என்றார் ராக்கெட்.

"இயந்திரக் கோளாறு கணக்குல வராது. ஆளால ஆன தாமதம் மட்டும்தான்."

"எடுத்துட்டா கோதுமை எப்படி வரும்?" என்றார் ரீட்டா.

"லாரியில. பார்க்கர் தெரு வழியா."

"பார்க்கர் தெருவுல பள்ளிக்கூடம் இருக்கு."

"தெரியும். என் பொண்ணு அங்கதான் படிக்கிறா."

 ரீட்டா காகிதப் பையை நீட்டினார். "ஸ்டாவ், பஸ்தீட்ஸி எடுத்துக்க."

"நான் எதுவும் வாங்கிக்கக் கூடாது."

"லஞ்சம் இல்லடா. ஆறிப்போச்சு, ராக்கெட் வேணாம்னுட்டான்."

ஸ்டாவ்ரோஸ் ஒன்றை எடுத்துக்கொண்டார். சட்டை முழுக்க உதிர்ந்தது.

 இந்த ஓட்டம் நின்றால் கார்டிங்டனில் ரீட்டாவுக்கு வேலை கிடையாது. யார்டில் ஆட்களைக் குறைத்துக்கொண்டிருந்தார்கள். "ஒரு தடவை மெஷினைக் காட்டி என்னை வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. இன்னொரு தடவை விட மாட்டேன்" என்று அன்று மாலை ராக்கெட்டிடம் சொன்னாராம்.

முதல் தாமதம் இரண்டாவது வாரமே நேர்ந்தது. ராக்கெட் பாயிண்டைத் தாண்டி அதிகமாக முன்னே போய்விட்டார். திரும்பத் தள்ளி நிறுத்துவதற்குள் மின்சார ரயில் வந்து நின்றுவிட்டது.

"வாழ்க்கையில ஒரே ஒரு தடவை வேகமாப் போனே. அதையும் இன்னிக்குத்தான் போகணுமா?" என்றார் ரீட்டா.

ராக்கெட் அதற்குச் சிரிக்கவில்லை. அவருக்கு அது உறுத்திக்கொண்டே இருந்தது. அதன் பிறகு ரீட்டா வேலையை நடனம்போல ஆக்கிக்கொண்டார். எந்தக் கல்லில் கால் வைப்பது, எந்தப் பக்கம் இறங்குவது, எல்லாம் தீர்மானமானது. செவ்வாயும் வெள்ளியும் போய்க்கொண்டே இருந்தன. தாமதம் இல்லை. பிளாட்பாரத்தில் நிற்பவர்கள் பந்தயம் கட்டி, ஜெயித்து, பிறகு பந்தயத்தில் சுவாரஸ்யம் போய்விட்டது என்று விட்டுவிட்டார்கள்.

சோதனை ஓட்டத்தின் கடைசி வாரத்துச் செவ்வாய். பிப்ரவரி. வெப்பம் நாற்பத்துமூன்று டிகிரி. பாலைவனத்தைத் தொட்டு வரும் வடக்குக் காற்று காலையிலிருந்தே வீசிக்கொண்டிருந்தது. இப்படிப்பட்ட நாட்களில் தண்டவாளம் நெளியும் என்று ரயில்கள் மெதுவாக ஓடும், சில ரத்தாகும். நகரத்தில் வேலையை முன்கூட்டியே முடித்துக்கொண்டு எல்லோரும் ஒரே நேரத்தில் கிளம்பிவிடுவார்கள்.

கூட்ஸ் சரியாகவே வந்தது. பின் பாதி முதல் தடத்துக்குள் போனது. ரீட்டா கோபுரங்களுக்குப் பின்னால் போய்க் கைப் பிரேக்குகளை இறுக்கத் தொடங்கினார். அப்போது கோதுமை இறக்கும் குழியின் பக்கம் தொப்பென்று ஒரு சத்தம். மில் தொழிலாளி ஒருவர் வெயிலில் மயங்கி விழுந்துவிட்டார். ரீட்டா போட்டதைப் போட்டபடி ஓடினார். அவரை அக்குளில் பிடித்து நிழலுக்கு இழுத்துப் போட்டார். தன் பாட்டில் தண்ணீரைத் தலையில் ஊற்றினார். மில்லுக்குள் கேட்கும்படி கத்தினார். நாலு பேர் ஓடிவந்தார்கள். அந்த மனிதர் கண்ணைத் திறந்து, "யாரு கத்துறது?" என்றார். சரி, பிழைத்துக்கொள்வார் என்று தெரிந்தது.

ரேடியோவில் ஜோலீன் கூப்பிட்டார், நேரம் போய்க்கொண்டிருக்கிறது என்று. ரீட்டா முன்னால் ஓடினார். எஞ்சின் வெளியே வந்தது, முன் பாதி இரண்டாம் தடத்துக்குள் போனது, எஞ்சினும் மறைந்தது, பாயிண்ட் மூடியது. இழந்த நேரத்தையெல்லாம் அவர் பிடித்துவிட்டார். சாம்பல் நிறப் பெட்டிக்கு முன்னால் சாவியோடு வந்து நின்றபோது, நகரத்திலிருந்து வந்த மின்சார ரயில் அப்போதுதான் கார்டிங்டன் பிளாட்பாரத்துக்குள் நுழைந்தது. சாவியைப் போட்டால் தாமதம் இல்லை.

சாவியைத் துளைக்குள் நுழைத்தார். திருப்பவில்லை.

முதல் இரண்டு சக்கரங்களைச் சுற்றியது நினைவிருந்தது. அந்த வெயிலில் இரும்புச் சக்கரம் கையுறையைத் தாண்டிச் சுட்டதை வலது உள்ளங்கை நினைவில் வைத்திருந்தது. மூன்றாவதை முடித்தோமா? நான்காவதைத் தொட்டோமா? திரும்பும்போது வைக்கும் கையை வைக்கவில்லை, அது நிச்சயம். ஓடிவிட்டார். ஏழு வேகன் கோதுமை, வளைவுக்குப் பின்னால், சரிவில். இரண்டு பிரேக் அதைத் தாங்காது.

சாவியை வெளியே எடுத்தார்.

"கார்டிங்டன், கன்ட்ரோல். சாவிய உள்ள போடு ரீட்டா" என்றது ஜோலீனின் குரல். "பிளாட்பாரத்துல ஒண்ணு நிக்குது. பின்னாடி ரெண்டு வருது."

"போட மாட்டேன். ஒரு தடவை பாத்துட்டு வரேன்."

"எதை?"

"கைப் பிரேக்கை."

"போட்டியா இல்லையா?"

"அது தெரிஞ்சா நான் ஏன் நடக்கணும் ஜோலீன்?"

 "சரி. நட" என்றார் ஜோலீன். "சிவப்பு சிவப்பாவே இருக்கும்."

பிளாட்பாரத்தில் நின்ற ரயிலில் மூச்சுவிட இடமில்லை. குளிர்சாதனம் திணறிக்கொண்டிருந்தது, கதவுகளைத் திறந்துவிட்டார்கள், ஜனம் வெளியே வழிந்தது. சிவப்பு விளக்கைப் பார்த்தார்கள், ஆரஞ்சுச் சட்டை திரும்பி மில்லுக்குள் போவதையும் பார்த்தார்கள். டையைத் தளர்த்திய ஒருவர் வேலியைப் பிடித்துக்கொண்டு கத்தினார்.

"ஏம்மா! நாங்க இங்க வெந்துட்டு இருக்கோம், நீ வாக்கிங் போறியா?"

"ஆமா! நீயும் வரியா?"

"எவ்வளவு நேரம் ஆகும்?"

"நீ கத்துறதை நிறுத்தினா சீக்கிரம் ஆகும்!"

சிலர் சிரித்தார்கள், பலர் சிரிக்கவில்லை. குழந்தையை இடுப்பில் வைத்திருந்த ஒரு பெண் அழுகிற நிலையில் இருந்தார். ஸ்டேஷன்காரர் தண்ணீர் பாட்டில்களைக் கொண்டுவந்து கொடுத்தார். ரீட்டாவின் இடது முழங்கால் சரியில்லை, கற்களின் மேல் மறுபடியும் அவரால் ஓட முடியாது. முன்பு ஓடியது அதன் வேலையைக் காட்டியிருந்தது. நொண்டிக்கொண்டே கோபுரத்துக்குப் பின்னால் மறைந்தார்.

முதல் சக்கரம், கையை வைத்து அழுத்தினார். இறுக்கம். இரண்டாவது இறுக்கம். மூன்றாவது இறுக்கம். நான்காவதன் மேல் இரண்டு கையையும் வைத்து உடம்பின் முழு எடையையும் போட்டார். அசையவே இல்லை. நான்கையும் அவர் முதலிலேயே ஒழுங்காக இறுக்கியிருந்தார். ஓடும் முன் நான்காவதை முடித்துவிட்டுத்தான் ஓடியிருக்கிறார், கைதான் அதைச் சொல்லாமல் விட்டிருக்கிறது.

திரும்ப நடந்து வந்து சாவியைப் போட்டார். "முழுசா உள்ள. கை வச்சாச்சு."

பச்சை விழுந்தது. ரயில் கிளம்பியபோது ஜன்னல் வழியே ஒருவர் நடுவிரலைக் காட்டினார். ரீட்டா தலையாட்டி ஏற்றுக்கொண்டார். பின்னால் இரண்டு ரயில்கள் ஊர்ந்து வந்தன. மூன்றும் தாமதம்.

கொட்டகையில் ராக்கெட் இரண்டு கோப்பைத் தேநீர் போட்டு வைத்திருந்தார். "எப்படி இருந்துச்சு?"

"எல்லாம் இறுக்கமாதான் இருந்துச்சு."

"நாலுமா?"

"நாலும்."

 ராக்கெட் எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்தார். "இங்க பாரு. யாரும் கூட வரல. ஸ்டாவ் போன் பண்ணுவான். நாலாவது வேகன்ல பிரேக் நழுவிப் போயிருந்துச்சு, நீ திரும்ப இறுக்கினேன்னு சொல்லு. இயந்திரக் கோளாறு. கணக்குல வராது. வெள்ளிக்கிழமையோட சோதனை ஓட்டம் முடிஞ்சுது. நாம ஜெயிச்சோம்."

"நல்ல யோசனைதான்."

"அப்புறம் என்ன?"

"அந்த வேகனைக் கழட்டிப் பட்டறைக்கு அனுப்புவானுங்க. பிரேக்கைப் பிரிச்சுப் போட்டுப் பாப்பானுங்க. ஒண்ணும் இருக்காது. அடுத்த தடவை நிஜமாவே பிரேக் நழுவுதுன்னு நான் கத்தினா, எவன் நம்புவான்?"

"ரீட்டா, மொத வாட்டி லேட்டானது என்னால. எனக்காகச் சொல்லு."

"உனக்காக ஒரு கிட்னி வேணா தரேன் ராக்கெட். இது வேணாம்."

போன் அடித்தது. ராக்கெட் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"என்ன கோளாறு?" என்றார் ஸ்டாவ்ரோஸ். எழுதத் தயாராக இருப்பது குரலில் தெரிந்தது. கோளாறு என்ற சொல்லை அவரே எடுத்துக் கொடுத்தது போலவும் இருந்தது.

 ரீட்டா தேநீரை ஒரு மடக்குக் குடித்தார். "கோளாறு எதுவும் இல்ல. பிரேக் போட்டேனா இல்லையான்னு எனக்கு மறந்துடுச்சு. போய்ப் பாத்தேன். போட்டிருந்தேன்."

"நழுவல?"

"நழுவல."

"இதை அப்படியே எழுதினா என்ன ஆகும்னு தெரியும்ல?"

"தெரியும் ஸ்டாவ். அப்படியே எழுது."

அந்த வெள்ளிக்கிழமை கூட்ஸ் வழக்கம்போல வந்தது, நேரத்தோடு உள்ளே போனது. அதற்கடுத்த வாரமும் வந்தது, தீர்ப்பு வரும்வரை ஓடட்டும் என்று. பார்க்கர் தெருவில் லாரிகளுக்காகச் சாலையை அளந்துவிட்டுப் போனார்கள். மில்லின் மேலாளர் லாரி நிறுவனங்களிடம் விலை கேட்கத் தொடங்கிவிட்டதாகப் பேச்சு. ரீட்டா யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. பெர்த்தில் நர்ஸாக இருக்கும் மகள், "இங்க வந்துடும்மா" என்று அழைத்தாள். "அங்க ரயில் இருக்கா?" என்று கேட்டுவிட்டுப் பேச்சை மாற்றினாராம்.

ஸ்டாவ்ரோஸ் ஒரு செவ்வாய்க்கிழமை வந்தார். கொட்டகைக்குள் வரவில்லை. தடித்த பூட்ஸும் ஆரஞ்சுச் சட்டையும் போட்டுக்கொண்டு சாவிப் பெட்டியருகே நின்றார்.

"இன்னிக்கு உன்கூட நடக்கிறேன்" என்றார்.

"அந்த பூட்ஸ் புதுசா?"

"ஆமா."

"கடிக்கும்."

கடித்தது. அவர் ரீட்டாவின் பின்னாலேயே கோபுரங்களுக்குப் பின்னால் போனார், நான்கு சக்கரங்களின் மேலும் தானும் கை வைத்துப் பார்த்தார், நொண்டிக்கொண்டே திரும்பி வந்தார். சாவி உள்ளே போன பிறகு வேலியில் சாய்ந்துகொண்டு பேசினார்.

"பிரேக் நழுவிச்சுன்னு நீ சொல்லியிருந்தா, பட்டறைக்கு ஒரு குறிப்பு போட்டுட்டு அதோட மூடியிருப்பேன். நீ மறந்துட்டேன்னு சொன்னே. மறந்தா என்ன பண்ணணும்? போய்ப் பாக்கணும். அதுக்கு அட்டவணையில எவ்வளவு நேரம் இருக்குன்னு பாத்தேன். கடைசி வேகன் உள்ள போனதும் சாவியும் உள்ள போயிடுற மாதிரி போட்டிருக்கு. நடுவுல ஒண்ணுமே இல்ல. அதைப் போட்டது நான்தான்."

"பரவால்ல, நான் சமாளிச்சிடுவேன்."

"நீ சமாளிக்கிறே. உனக்குக் காய்ச்சல்னா வர்ற ஆளு சமாளிக்க மாட்டான். மேல போய் இதைத்தான் சொன்னேன். ரெண்டு மணி நேரம் பேசினோம். ஜோலீனையும் கூப்பிட்டுக் கேட்டாங்க."

"என்ன சொன்னா?"

"நீ சாவி போட மாட்டேன்னு சொன்னது அவளுக்கு அன்னிக்குக் கடுப்பா இருந்துச்சாம். ஆனா நீ போட்டா, அதுக்கப்புறம் அந்த இடத்தைப் பத்தி அவ யோசிக்கிறதே இல்லையாம்."

ரீட்டா மூக்கைத் துடைத்துக்கொண்டார். "அப்ப என்ன, ஓட்டம் இருக்கா இல்லையா?"

"இருக்கு. நடக்கிறதுக்கு நாலு நிமிஷமும் தரேன். ஆனா மாலை ரயிலை என்னால நகர்த்த முடியாது. அதனால அந்த நாலு நிமிஷத்தை மிச்சம் பிடிக்க வண்டியில ரெண்டு வேகன் குறையும். இனிமே பன்னெண்டுதான்."

பிளாட்பாரத்தில் நின்றவர்கள் அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"ரெண்டு வேகனா? நான் கேட்டேனா உன்னை? நாலு நிமிஷம் குடுன்னு எப்பக் கேட்டேன்? ரெண்டு வேகன்னா வாரத்துக்கு எத்தனை லாரின்னு தெரியுமா உனக்கு?"

"தெரியும். பன்னெண்டும் போனா எத்தனைன்னும் தெரியும்."

ரீட்டா வாயைத் திறந்தார், மூடினார். ராக்கெட் எஞ்சின் ஜன்னலில் இருந்து தலையை நீட்டி, "ஸ்டாவ், இன்னொரு தடவை சொல்லு, அவ வாயை மூடினதை நான் சரியாப் பாக்கல" என்றார்.

புதிய அட்டவணை ஏப்ரலில் அமலுக்கு வந்தது. பன்னிரண்டு வேகன்கள். குறைந்த கோதுமை பார்க்கர் தெரு வழியாக லாரியில் வருகிறது. பள்ளி நேரத்தில் ஓடக்கூடாது என்று மில்லின் மேலாளரிடம் ரீட்டா தானே போய்ச் சொல்லிவிட்டு வந்தார். இந்த நாலு நிமிடம் இப்போது கார்டிங்டனுக்கு வரும் எல்லாக் குழுவினருக்கும் உண்டு. மாற்று ஆட்கள் அதை ரீட்டாவின் நடை என்று சொல்லித் திட்டிக்கொண்டே நடக்கிறார்கள். நடக்கிறார்கள்.

ரீட்டாவுக்கு நாலு நிமிடம் தேவைப்படவில்லை. முழங்கால் நன்றாக இருக்கும் நாட்களில் மூன்றிலேயே முடித்துவிடுகிறார்.

"இன்னும் நேரம் இருக்கு உனக்கு" என்பார் ஜோலீன்.

"அதை ஸ்டாவ்கிட்ட சொல்லு. மூணு நிமிஷம் போதும், ஒரு வேகனைத் திருப்பிக் குடுன்னு சொல்லு."

"நீயே சொல்லு."

அவரே சொல்கிறார். வெள்ளிக்கிழமைதோறும், வண்டியைப் பூட்டிய கையோடு, கொட்டகையிலிருந்து ஸ்டாவ்ரோஸுக்குப் போன் போடுகிறார். முழங்கால் வலிக்கும் நாளில் எவ்வளவு நேரம் ஆகிறது என்று அவர் திருப்பிக் கேட்கிறார். ரீட்டா அதற்குப் பொய் சொல்வதில்லை. ஆகவே வேகன் இன்னும் திரும்பி வரவில்லை. மே மாதத்தில் முழங்கால் ஆபரேஷனுக்கு நாள் குறித்திருக்கிறார்.